காளான் தண்டா, ஈஸ்ட் பொடியா? தொட்டி மீனுக்கு எதைக் கலக்கலாம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னை கொளத்தூர் மொட்டை மாடித் தொட்டிகளில் தங்கமீனுக்கு வால் அழுகல் வந்துவிடும். இரவில் தண்ணீர் குளிர்ந்து, மழைநீரும் கலந்து, மீன் சோர்ந்தவுடன் கிருமி ஏறிவிடுகிறது. அதனால் புரட்டாசியிலேயே தீவனத்தில் எதையாவது கலந்து எதிர்ப்புச் சக்தியை ஏற்றப் பார்க்கிறோம்.

காளானின் செல்சுவரில் பீட்டா குளுக்கான் என்ற ஒருவகை நார்ச்சத்து இருக்கிறது. மீனின் உடம்பு அதைப் பூஞ்சைக் கிருமி என்று எடுத்துக்கொண்டு வெள்ளையணுக்களை உசுப்பிவிடும். ஈஸ்டும் பூஞ்சைதான், அதிலிருந்து எடுத்த குளுக்கானும் இதே வேலையைச் செய்யும். வித்தியாசம் விலையிலும் உழைப்பிலும் இருக்கிறது.

சிப்பிக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிலோ தீவனத்தில் 1 சதவீதம் கலக்க ஒரு கிலோ பொடி வேண்டும். அதற்குப் பத்து கிலோ காளான், அதாவது 200 கிராம் பாக்கெட் ஐம்பது. மனுஷன் சாப்பிடுவதை அப்படிக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் வாங்குவது தண்டு. மாதவரம் பக்கம் காளான் வளர்க்கும் ஒரு அக்கா, பாக்கெட் போடும்போது வெட்டித் தள்ளும் அடித்தண்டை எனக்காக எடுத்துவைக்கிறார். வைக்கோல் ஒட்டிய நுனியைச் சீவி எறிந்துவிட்டு, நாராகப் பிய்த்து நல்ல வெயிலில் காயவைப்பேன். ஒடித்தால் வத்தல் மாதிரி சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. முதல் தடவை அவசரப்பட்டு அரைத்த ஒரு டப்பா, பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. அப்புறம், பொடியை வெறுமனே தூவினால் தண்ணீரில் கழன்று படலமாக மிதக்கும். கஞ்சித் தண்ணியில் குழைத்துத் தீவனத்தோடு பிசறி, நிழலில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும்.

ஈஸ்ட் குளுக்கானில் இந்தப் பாடெல்லாம் இல்லை. கிலோ தீவனத்துக்கு 1, 2 கிராம் போதும், சத்தும் டப்பாவுக்கு டப்பா பெரிதாக மாறாது. காளானில் ரகத்துக்கும் வளர்த்த வைக்கோலுக்கும் தகுந்தபடி கூடும், குறையும். ஆயிரக்கணக்கில் மீன் விடுகிறவர் ஈஸ்ட் பக்கம் போவதே சரி. ஆனால் பேக்கரி ஈஸ்டை அப்படியே போடுவது வேறு. அதன் தடித்த சுவர் லேசில் செரிக்காது.

 

நோய் வருவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கலப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரானும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. மற்றவையும் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடலாம். அம்மோனியா ஏறினால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

காளானோ ஈஸ்டோ, இரண்டு வாரம் கொடுத்து இரண்டு வாரம் நிறுத்துகிறேன். ஓயாமல் உசுப்பினால் பலன் மங்கிவிடும். இந்த வருடம் தாய்மீன் தொட்டிகளுக்குத் தண்டுப் பொடி. குஞ்சுத் தொட்டிக்கு ஈஸ்ட்தான். என் மிக்ஸியில் எவ்வளவு அரைத்தாலும் அந்த நார் குஞ்சின் வாய்க்குப் பெரிது.