டக்ளஸ் கையெழுத்துப் பத்திரமும் திருவல்லிக்கேணி மாடிக்கடையும்

பழைய காகிதத்தைக் கெடுக்காமல் சரிசெய்து சட்டம் போட்டுத் தர சென்னையில் நம்பிக்கையான ஆள் உண்டா என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உண்டு. திருவல்லிக்கேணி பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில். கடைக்குப் பலகை கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் பாய் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அந்தப் பக்கத்து பைண்டிங் கடைகளில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

நான் அவரிடம் கொடுத்தது 1883இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பதிவான ஒரு வீட்டுமனைப் பத்திரம். விற்றவர், வாங்கியவர் இருவரும் யாரோ எவரோ. விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. மடித்தால் வெளியே தெரியும் பட்டையில் பதிவுக்கு வந்த தேதி, நேரம், புத்தக எண், பக்க எண், அதற்குக் கீழே பதிவாளரின் கையெழுத்து. அந்தப் பதிவாளர், அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பிரெடரிக் டக்ளஸ்.

31 வருஷம் பத்திரப் பதிவுத் துறையில் குப்பை கொட்டியவன் நான். ‘புத்தகம் 1, தொகுதி இத்தனை, பக்கம் இத்தனை’ என்று எத்தனை ஆயிரம் பத்திரத்தின் பின்பக்கத்தில் எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. அதனால் இந்தப் பின்பக்கத்தைப் படத்தில் முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். 1838இல் தப்பி ஓடினார். ஓடிய பிறகும் சட்டத்தின் கணக்கில் அவர் இன்னொருவரின் சொத்துதான். 1846இல் இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுன் திரட்டிக் கொடுத்து அவரை மீட்டார்கள். அந்த விடுதலைப் பத்திரமும் பால்டிமோரில் முறைப்படி பதிவானது. அப்படி, தானே ஒரு பத்திரத்தின் சரக்காக இருந்த மனிதர், 1881 முதல் 1886 வரை தலைநகரத்தின் பத்திரப் பதிவாளராக உட்கார்ந்து மற்றவர்களின் சொத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய கடிதத்தையும் இதையும் வைத்து எது வேண்டும் என்று கேட்டாலும் நான் இதைத்தான் எடுப்பேன்.

வாங்கியது வெளிநாட்டு ஏலத்தில், ஒரு ஸ்கூட்டர் விலைக்கு. அவர் அலுவலகத்தில் புழங்கிய பத்திரம் எல்லாம் அவர் கைப்பட எழுதியது என்று நம்பிவிடக்கூடாது. எந்தப் பதிவு அலுவலகத்திலும் எழுத்தர்கள் உண்டு, அது எனக்குத் தெரியாதா? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டக்ளஸின் காகிதங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தக் கையெழுத்துகளையும் என் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் பார்த்தேன். பெரியபுராணத்தில் வரும் திருவெண்ணெய்நல்லூர் சபையிலும் இதைத்தானே செய்தார்கள்? சுந்தரர் தனக்கு அடிமை என்று கிழவராக வந்த சிவன் நீட்டிய மூல ஓலையை, பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்கள். அதுவும் ஓர் ஆளோலை, அதாவது அடிமைப் பத்திர வழக்குதான்.

அமெரிக்கக்காரர் பத்திரம் உனக்கு எதற்கு என்று என்னோடு வேலை பார்த்த நண்பர் கேட்டார். நிலத்தோடு சேர்த்து ஆளையும் எழுதிக் கொடுத்த வழக்கம் நம் தஞ்சாவூர், செங்கல்பட்டுப் பக்கமும் இருந்தது என்று சொன்னேன். 1833இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழித்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிகளை விட்டுவிட்டது. அடிமை உரிமையை எந்த நீதிமன்றமும் செல்லுபடியாக்கக் கூடாது என்று இங்கே சொல்ல 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வரவேண்டியிருந்தது. நண்பர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். பத்திரத்தில் ஒரு மடிப்பு இரண்டு அங்குலத்துக்குப் பிளந்திருந்தது. பாய் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எழுத்தைப் பார்த்தார். “சார், இது மாசிக்காயும் அன்னபேதியும் போட்ட மை. தண்ணி காட்டினா எழுத்தைச் சுத்திப் பழுப்பு பரவிடும்” என்றார். ஈரமே காட்டாமல், பிளாட்டிங் பேப்பருக்கு நடுவில் வைத்துப் பலகை ஏற்றிப் பத்து நாள் அப்படியே விட்டார். பிளந்த இடத்துக்கு மட்டும் வெங்காயத் தோல் போன்ற ஜப்பான் டிஷ்யூவைக் கையால் கிழித்து, பசையைத் தொட்டும் தொடாமலும் ஒட்டினார். பூச்சி வராமலிருக்க பைண்டிங் பசையில் மயில்துத்தம் போடுவது நம் ஊர் வழக்கம். இந்த மாதிரிக் காகிதத்துக்கு அது ஆகாது. எனவே மயில்துத்தம் இல்லாமல் அன்றைக்கு அன்றைக்குக் கோதுமைப் பசை காய்ச்சிக்கொண்டார்.

சட்டமும் அருமை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தெரிய இருபுறமும் அக்ரிலிக். பத்திரம் அதில் ஒட்டாதபடி நடுவில் அமிலமில்லாத அட்டை இடைவெளி. காகிதத்தில் ஒரு சொட்டுப் பசை இல்லை, நான்கு மூலையிலும் மெல்லிய உறை மட்டும் பிடித்திருக்கிறது. வெயில் படாத சுவர், கடல் காற்று நேராக வராத அறை என்று மாட்டவேண்டிய இடத்தையும் அவரே சொல்லி அனுப்பினார்.

குறை இல்லாமல் இல்லை. நான்கு வாரம் என்றது ஒன்பது வாரம் ஆனது. போன் எடுக்க மாட்டார். படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். கூலி 7,800 ரூபாய். பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான். இத்தனையும் சொல்லிவிட்டு மறுபடி அங்கேதான் போவேன் என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது.

என்னிடம் பக்ஸ்டன் கையெழுத்திட்ட தபால் உறையின் முகப்பு ஒன்று இருக்கிறது. வில்பர்போர்ஸுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அடிமை ஒழிப்பு அணியை நடத்தியவர் அவர். அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் முகவரியையும் தேதியையும் தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டால் தபால் இலவசம். 1840 வரை அந்தச் சலுகை இருந்தது. அதனால்தான் இந்த முகப்புகள் என் போன்றவர்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. தேதியையும் சரிபார்க்கலாம்: பக்ஸ்டன் உறுப்பினராக இருந்தது 1818 முதல் 1837 வரை. அதைச் சில வருஷம் முன்பு வேறொரு கடையில் கொடுத்தேன். பிளைவுட்டில் முழுக்கப் பசை தடவி அப்பி, பளபளவென்று கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

பாயிடம் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. “மழை முடியட்டும் சார், தை பிறந்ததும் கொண்டு வாங்க. பின்னாலேருந்து பலகையைச் செதுக்கிக்கிட்டே வருவேன். எழுத்துக்கு ஆபத்துன்னு தோணினா அந்த இடத்தோட நிறுத்திடுவேன், பரவாயில்லையா?” என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.