தோல் டிரம் மோட்டாருக்கு எது: ஸ்டார்-டெல்டாவா, சாஃப்ட் ஸ்டார்ட்டரா, டிரைவா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் தோலைப் போட்டுப் புரட்டும் மர டிரம்மைக் கிளப்பும் அந்தச் சில நொடிகளில்தான் பெல்ட்டும் பினியன் பல்லும் அடி வாங்குகின்றன. அடியில் கிடக்கும் ஈரத்தோலை ஒரு பக்கமாகத் தூக்கினால்தான் டிரம் புரளும்.

15 எச்பி மோட்டார் 415 வோல்ட்டில் முழுச் சுமைக்குச் சுமார் 21 ஆம்பியர் எடுக்கும். டிஓஎல்லில், அதாவது மோட்டாரை நேரடியாக லைனில் போட்டால், கிளம்பும்போது அதுவே ஆறேழு மடங்கு. போட்டதும் முதல் சில சைக்கிள்களுக்கு டார்க்கும் (சுழற்றும் விசை) 50 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும்.

ஸ்டார்-டெல்டா இதைக் குறைக்கும் என்று நம்பி மாட்டுகிறார்கள். மோட்டார் சுருள்களை முதலில் ஸ்டாராக இணைத்துக் கிளப்பி, டைமர் முடிந்ததும் டெல்டாவுக்கு மாற்றும் முறை இது. ஸ்டாரில் கரண்ட் மூன்றில் ஒரு பங்கு, டார்க்கும் அவ்வளவுதான். நிரம்பிய டிரம் அதற்கு அசையாது. டைமர் முடிந்து டெல்டா விழும்போதுதான் கிளம்பும். அது டிஓஎல் போட்டதற்குச் சமம். சுமை குறைந்து ஸ்டாரிலேயே வேகம் பிடித்தாலும் தொல்லை உண்டு. ஸ்டார் விட்டு டெல்டா பிடிக்கும் இடைவெளியில் ரோட்டரில் காந்தப்புலம் மிச்சமிருக்கும். அதன் வோல்டேஜ் லைனுக்குப் பின்தங்கி நிற்க, டெல்டா கோணம் மாறி விழுந்தால் டிஓஎல்லைவிடப் பலத்த அடிகூட விழலாம்.

டெல்டா இணைப்பைச் சரியாகக் கொடுத்தால் இந்த அடி குறையும். யு, வி, டபிள்யூ என்பவை மோட்டாரின் மூன்று சுருள்கள்; 1, 2 அவற்றின் இரு முனைகள். ஆர்-ஒய்-பி ஃபேஸ் வரிசையில் ஆருக்கு யு1–வி2, ஒய்க்கு வி1–டபிள்யூ2, பிக்கு டபிள்யூ1–யு2. மாற்றிக் கொடுத்தாலும் மோட்டார் அதே திசையில்தான் ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. எதிர்த்திசைக்கு இன்கமிங்கில் இரண்டு ஃபேஸை மாற்றினால் பலன் போய்விடும். ஆருக்கு யு1–டபிள்யூ2, ஒய்க்கு டபிள்யூ1–வி2, பிக்கு வி1–யு2 என்று ஜோடியையே மாற்ற வேண்டும். இருதிசையிலும் சுற்றும் டிரம்முக்கு எந்த ஜோடியும் ஒரு திசைக்குத்தான் உதவும்.

வோல்டேஜை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட்டரில் ஜெர்க் போகும். ஆனால் 60% வோல்டேஜில் டார்க் 36% மட்டுமே. டிரம்முக்கு ஒவ்வாது, பம்புக்கு நல்லது. போர்வெல் சப்மெர்சிபிளில் ராம்ப் (ஏறும் நேரம்) 3 வினாடியைத் தாண்டக் கூடாது, தண்டின் அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தேயும். இரண்டு ஃபேஸை மட்டும் கட்டுப்படுத்தும் மலிவு வகையில் கரண்ட் சமமாக இராது, மோட்டார் உறுமும்.

டிரம்முக்கு, ஃப்ரீக்வென்சியையும் வோல்டேஜையும் சேர்த்து ஏற்றும் டிரைவ்தான். வெக்டர் மோடில் (டார்க்கைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தும் முறை) ஆட்டோட்யூன் செய்து, அதாவது டிரைவே மோட்டாரை அளந்துகொள்ள விட்டு, 8–10 வினாடி ராம்ப் வைத்தால், ஒன்றரை மடங்கு கரண்டிலேயே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு டார்க் கிடைக்கும். ஏதாவது ஒரு வேகத்தில் ஃப்ரேம் அதிர்ந்தால் டிரைவ் அங்கே நிற்காமல் தாண்டிப்போக அந்த ஃப்ரீக்வென்சியை ஸ்கிப்பில் போடுங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு நீக்கும் பகுதியில் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு டிரைவ் போர்டின் செம்பை அரிக்கும். பேனலைத் தனி அறையில் வைத்து, பாதுகாப்புக் கோட்டிங் உள்ள போர்டையே கேட்டு வாங்குங்கள்.