எடை குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால்: வீடியோ காலா, நேரில் ஆளா?

நிறைமாதத்தில் மூன்று கிலோவாகப் பிறந்த குழந்தை என்றால், தாய்ப்பால் ஆலோசகரை நேரில் பார்ப்பதோ போனில் கேட்பதோ, எது தோதோ அதைச் செய்யலாம். இரண்டரை கிலோவுக்குக் கீழே என்றால், முதல் இரண்டு வாரத்துக்கு என் ஓட்டு நேரில் பார்ப்பதற்குத்தான்.

காரணம், குழந்தையின் தூக்கம். எடை குறைந்த குழந்தைகளில், 37 வாரம் முடியும் முன்பே பிறந்தவை பல, பசித்தாலும் வீறிட்டு அழாது. நாலு இழுப்பு இழுத்துவிட்டு மார்பிலேயே கண்ணயர்ந்துவிடும். “சமத்து, வயிறு நிறைஞ்சு தூங்குது” என்பார்கள் வீட்டில். வீடியோவிலும் அப்படித்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ விழுங்கும் சத்தம் கேட்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். போனில் ஃபேன் இரைச்சல்தான் கேட்கும். தாடை மார்போடு ஒட்டியிருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிக் காட்டுவார். பீய்ச்சிய பாலைப் பாலாடைச் சங்கில் புரையேறாமல் எப்படிச் சாய்ப்பது என்பதும் கையைப் பிடித்துக் காட்ட வேண்டிய வேலை. வீடியோ காலில் போனைப் பிடிக்கவே தனியாக ஒரு ஆள் வேண்டும். கூடத்தில் மாமனார் மட்டும் இருந்தால் யாரைக் கூப்பிடுவது?

ஆனால் நேரில் ஆள் எப்போதும் கிடைப்பதில்லை. மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பிறகு ஆஷா பணியாளர் வீட்டுக்கு வர வேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. நடுவில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டால் போன்தான் கதி. சிசேரியன் தையலோடு ஆட்டோவில் குலுங்கிப் போகவும் வேண்டாம். பால் பீய்ச்சுவது, பீய்ச்சியதை எடுத்துவைப்பது எல்லாம் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் பெரியவர்களுக்கு ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்!

ஒன்று மட்டும்: எடை தெரியாமல் போனில் கிடைக்கும் ஆலோசனை வெறும் ஊகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒரே மெஷினில், துணி இல்லாமல் எடை பார்த்து அந்த எண்ணை அனுப்புங்கள். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீண்டும் எட்டவில்லையென்றால் நேரில் போய்விடுவதே சரி.

பால் கொடுக்க எழுப்பியும் எழவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, முதல் வாரம் கடந்தும் நாளுக்கு ஆறு முறைகூடச் சிறுநீர் போகவில்லை, இதில் எது ஒன்று என்றாலும் ஆலோசகரைத் தேடாதீர்கள். நேராகக் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.