கொள்ளளவி மின்னேற்றச் செய்முறைப் பெட்டி: வாங்கலாம், மானியை மாற்றிக்கொள்ளுங்கள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலுள்ள மின்னியல் உதிரிப்பாகக் கடையொன்றில், உயர்தரப் பௌதிகவியல் மாணவருக்கென விற்கப்படும் செய்முறைப் பெட்டியொன்றை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். 1000 மைக்ரோபரட் மின்பகு கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் உறுப்பு), 47 கிலோஓம் தடையி, ஆளி, 9 வோல்ற் பற்றரிக்கான இணைப்பு, முள் வோல்ற்றுமானி, முதலைக் கவ்விகள் ஆகியன அதிலுள்ளன.

இப்பெறுமானங்களைத் தெரிவு செய்தவரைப் பாராட்டவேண்டும். தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கினால் வரும் நேர மாறிலி (மின்னேற்றம் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைக் காட்டும் நேரம்) 47 செக்கனாக இருப்பதால், அலைவுகாட்டி எதுவுமின்றி, கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தையும் ஒரு கொப்பியையும் கொண்டே, நேரத்துடன் அழுத்தம் ஏறும் வளையியை வரைந்துவிடலாம். கொள்ளளவியின் அழுத்தம் 47 செக்கனில் 5.7 வோல்ற்றையும், அதன் இருமடங்கு நேரத்தில் 7.8 வோல்ற்றையும், மும்மடங்கில் 8.6 வோல்ற்றையும் எட்டவேண்டும். அழுத்தம் ஏற ஏற, தடையிக்குக் குறுக்கே எஞ்சும் அழுத்தம் குறைந்து, ஓட்டமும் தளர்ந்துபோகிறது. வகுப்பில் சமன்பாடாக மட்டும் எழுதிய இவ்விடயத்தை இங்கே கண்ணால் காணலாம்.

குறை மானியில்தான் இருக்கிறது. ஒரு வோல்ற்றுக்கு 20 கிலோஓம் என அதன் முகப்பில் அச்சிடப்பட்டுள்ளது. அதாவது 10 வோல்ற் வீச்சில் அதன் தடை 200 கிலோஓம் மட்டுமே. கொள்ளளவிக்குக் குறுக்கே இதைத் தொடுத்ததும் ஓட்டத்தின் ஒரு பங்கு மானி வழியே போய்விடுவதால், முள் 9 வோல்ற்றை எட்டாமல் 7.3 வோல்ற்றளவில் நின்றுவிடுகிறது; நேர மாறிலியும் ஏறத்தாழ 38 செக்கனாகச் சுருங்குகிறது. இவ்வகைக் கொள்ளளவிகளுக்கு 20 சதவீதம் வரை வழு வழக்கமாதலால், மாணவர் இந்த 38 செக்கனைக் கொள்ளளவியின் வழுவென்றே எண்ணிவிடக்கூடும். ஆனால் கொள்ளளவியின் வழு இறுதி அழுத்தத்தைக் குறைக்காது; ஆகவே இறுதி அழுத்தத்தையும் பார்த்தால்தான் குற்றவாளி மானியே என்று தெரியும். உட்தடை 10 மெகாஓம் உள்ள சாதாரண இலக்கமுறைப் பல்மானியைத் தொடுத்தால் இச்சிக்கல் நீங்கிவிடும். (கெட்டிக்கார ஆசிரியர் இந்தக் குறையையே இன்னொரு செய்முறையாக மாற்றிவிடுவார்.)

உடன் வரும் வழிகாட்டித் தாள் மிகச் சுருக்கமானது. மின்பகு கொள்ளளவியின் மறை முனையைப் பற்றரியின் மறை முடிவிடத்துடனேயே தொடுக்கவேண்டும், மாற்றித் தொடுத்தால் அது பழுதடையும் என்ற எச்சரிக்கை அதில் இல்லை. ஒவ்வொரு அளவீட்டின் பின்னரும் கொள்ளளவியை முற்றாக மின்னிறக்கிய பின்பே மறுபடி தொடங்கவேண்டும் என்பதும் இல்லை. சிறுவர் கையில் கொடுப்பவர்கள் இவ்விரண்டையும் தாளின் மேலே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.