ஏழு கட்டை, ஒரு தடித்த அகராதி

போன தீபாவளி லீவில், எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை சேர்க்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில், பலகையின் நட்டநடுவில் அண்ணன் மகன் 'ரெசியன்ட்' (RESIANT) என்று கையிலிருந்த ஏழு கட்டையையும் இறக்கினான். எல்லாம் ஒரு புள்ளி எழுத்து. நடுக்கட்டம் இரட்டிப்பாக்கி 14, ஏழையும் இறக்கியதற்கு போனஸ் 50. முதல் வார்த்தைக்கே 64.

"அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுடா."

"இருக்கு அத்தை, ஆப்ல பாருங்க."

இருந்தது. அர்த்தம் என்னவென்று கேட்டேன். "அது எதுக்கு?" என்றான்.

அந்த வீம்பில் வாங்கியதுதான் சேம்பர்ஸ் ஆங்கில அகராதி, 1998 பதிப்பு, பழையது, 650 ரூபாய். 'நல்ல நிலையில்' என்று சொல்லி விற்றவர் அனுப்பிய புத்தகத்தின் முதுகில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. பக்கங்கள் எல்லாம் இருந்ததால் சண்டைக்குப் போகவில்லை.

முதலில் ரெசியன்ட்டைத்தான் தேடினேன். குடியிருப்பவர் என்று பொருள். ரெசிடென்ட்டின் வழக்கொழிந்த பங்காளி. அதே ஏழு எழுத்தைக் கலைத்துப் போட்டால் ரெட்சினா: பைன் மரப் பிசின் வாசம் ஏறிய கிரேக்க ஒயின். இன்னொரு தடவை கலைத்தால் ஸ்டியரின், மெழுகுவத்திக்குப் போகும் கொழுப்புச் சரக்கு. இன்னொரு தடவை ஸ்டார்னி. ஸ்காட்லாந்துப் பேச்சில் குட்டி நட்சத்திரம். எடின்பரோவில் பிறந்த அகராதி என்பதால் ஸ்காட் சொற்களுக்கு இதில் பஞ்சமே இல்லை.

அகரவரிசைப் புத்தகத்தில் இவையெல்லாம் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். ஒவ்வொரு இடத்திலும் விரலை நுழைத்துக்கொண்டு, விரல் தீர்ந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழித்துச் சொருகுகிறேன். போனில் தட்டினால் ஒரே வரியில் வந்துவிடும்தான். ஆனால் போகிற வழியில் எக்லேர் கண்ணில் படாது: நீளத்தில் நெடியது, ஆயுளில் குறுகியது என்று அந்த கேக்குக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் குறும்புகளை 1970களில் எடுத்துவிட்டு, வாசகர்கள் ஏங்கிப்போனதால் 1983இல் திரும்பச் சேர்த்தார்களாம்.

அந்த ஏழு எழுத்தோடு ஒரு 'ஜி' (G) சேர்த்துக் கலைத்தால் இன்னொரு கூட்டம். கானிஸ்டர் என்பது நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் கிடைக்கும் கெட்டிப் பாறை, உலைக்கு உள்பூச்சாகப் பயன்பட்டது. கிரானைட்ஸ் தெரிந்ததே. இன்கிரேட்ஸ், நன்றி கெட்டவர்கள். எனக்குப் பிடித்தது அஸ்ட்ரிஞ்ச்: இழுத்து இறுக்குவது. நாவல்பழம் தின்றால் நாக்கு சுருங்குமே, அதுதான். துவர்ப்புக்கு ஆங்கிலத்தில் அஸ்ட்ரிஞ்சென்ட் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவள், அதற்குள் ஒரு வினைச்சொல் ஒளிந்திருந்ததை அறுபது வயதில் கண்டுபிடித்தேன்.

குறை என்றால், எழுத்து பொடி. பூதக்கண்ணாடி இல்லாமல் என் கண்ணுக்கு ஆகாது. மடியில் வைத்துப் படித்தால் முழங்கால் மரத்துப்போகும். போட்டிக்குத் தயாராகிறவர்கள் இதை நம்பி இறங்கவும் வேண்டாம். பிரிட்டன் ஸ்கிராபிளுக்கு ஒரு காலத்தில் சேம்பர்ஸ்தான் ஆதாரம், இப்போது காலின்ஸ் அகராதிக்காரர்களின் சொற்பட்டியல்.

என் ஆட்டம் இதனால் தேறவில்லை. பொங்கலுக்கு வந்தவனிடம் 90 புள்ளியில் தோற்றேன். ஆனால் நடு ஆட்டத்தில் பலகையைப் பார்த்து, "அத்தை, கானிஸ்டர்னா டப்பாவா?" என்று அவனே கேட்டான்.