அப்பாவோட நெகட்டிவ் ஸ்கேன் பண்ண குடுத்த கதை

அப்பா போனப்புறம் பீரோல ஒரு ஷூ டப்பா நிறைய 35 மிமீ நெகட்டிவ் கிடைச்சுது. மனுஷன் ஒரு தினுசு, 58 வயசுல பாராகிளைடிங் கத்துக்கிட்டு வீட்டுக்குள்ளயே ஹெல்மெட் போட்டுட்டு பேப்பர் படிப்பார், ஏன்ப்பான்னு கேட்டா "தலை பழகணும்ல"ம்பார், பேரப் பசங்களுக்கு அவர்னா உயிரு.

சரி சர்வீஸ் பத்தி சொல்றேன். 2400 டிபிஐல (அதாவது இஞ்சுக்கு 2400 புள்ளி) பண்ணித் தந்தாங்க, ஃப்ரேம் 24க்கு 36 மிமீதானே, சுமாரா 3400க்கு 2270 பிக்சல் வருது, 300 டிபிஐல பிரிண்ட் போட்டா 11 இஞ்ச் அகலத்துக்கு நல்லாவே இருக்கு. தூசி கீறல்லாம் சுத்தமா எடுத்திருக்காங்க. ஆனா கேக்காமலே வெறும் ஜேபெக்கா (சைஸ் குறைக்க அமுக்கின ஃபைல்) குடுத்துட்டாங்க, தரம் குறையாத டிஃப் ஃபைல் வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க.

இன்னொரு கூத்து, எல்லா படத்துலயும் வாட்ச் வலது கைல இருக்கேன்னு நெகட்டிவ் திரும்பிடுச்சோன்னு நினைச்சு ஒரு ரோல் முழுக்க இடம் வலம் மாத்திட்டாங்க! அப்பா கட்டினதே வலது கைலதாங்க. அம்மாதான் பார்த்ததும் "இது அவரே இல்ல"ன்னாங்க. சொன்னதும் காசு வாங்காம சரி பண்ணிட்டாங்க, அதனால 4 ஸ்டார்.