வீட்டில் வைத்து நோயாளி பார்ப்போம் என்று 385,000 ரூபா வாங்கினார்கள். வன்னியில் இருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

அம்மா செத்து, எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. 31 ஆம் நாள் அந்தியேட்டி வரைக்கும் பொறு, பிறகு எழுது என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. காசு வாங்கிய அந்த ஆட்கள் தங்களுடைய இணையப் பக்கத்தில் நேற்றும் ஒரு புது விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே யாரோ ஒரு அக்கா, "என்ர அப்பாவுக்கும் வேணும், எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறா. அந்த அக்காவுக்காகத்தான் முதலில் எழுதுகிறேன்.

385,000 ரூபா. பிரான்சில் அண்ணா இரவு வேலை செய்து அனுப்பிய காசு.

சாகக்கிடக்கிற நோயாளியை வீட்டிலேயே வைத்து, நோவில்லாமல் பராமரிப்போம் என்று சொல்கிற ஒரு தனியார் சேவை அது. பெயர் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். இப்படியான ஒரு சேவை நல்லதா கூடாதா என்று காசு கட்ட முதல் எப்படிப் பார்ப்பது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் காட்டி, மருந்து ஏற்றி, இரண்டு வருடம் நல்லாக இருந்தவா. பிறகு முள்ளந்தண்டுக்குப் பரவிவிட்டது. அங்கே டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இனி நோயை மாற்றுகிற மருந்து இல்லை, நோவைக் குறைக்கிற மருந்துதான். மோர்பின் எழுதித் தந்தார். 4 மணித்தியாலத்துக்கு ஒருதடவை, நோவு வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். இடையில் நோவு கிளம்பினால் மேலதிகமாக ஒரு டோஸ். மோர்பின் மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதனால் வயிறு இளக ஒரு மருந்தும் கூடவே. எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் எழுதி, எனக்கு வாயாலும் சொல்லி அனுப்பினார். அரச ஆஸ்பத்திரி, ஒரு சதம் எடுக்கவில்லை.

எங்களுடைய வீடு விசுவமடுவுக்கு உள்ளே. நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வீடு. அம்மாவைப் பகலில் யார் பார்ப்பது? 2009 இல் எங்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், பிறகு முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்று வளர்த்த மனுசி. கடைசிக் காலத்தில் நொந்து சாகக் கூடாது, எவ்வளவு என்றாலும் பரவாயில்லை என்று அண்ணா சொன்னார். அவர்தான் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து எனக்கு அனுப்பினார். வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளைகள், கட்டில், சிரிக்கிற வயதானவர்கள். கீழே எல்லாம் நல்ல கருத்துகள். பிறகுதான் கவனித்தேன், எழுதியவர்கள் அத்தனை பேரும் வெளிநாட்டில் இருந்து காசு கட்டியவர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

அந்த மனேஜர் வந்த நாளை நினைத்தால் இப்பவும் உடம்பு பதறுகிறது. படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். கதிரை போட்டேன், இருக்கவில்லை. அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "அம்மா, எங்கை கூட நோகுது?" என்று கேட்டார். அம்மா இடுப்பைக் காட்டினா. தலையணையை மடித்து முழங்காலுக்குக் கீழே வைத்து, மெல்லத் திருப்பிப் படுக்க வைத்தார். அம்மா ஒரு பெருமூச்சு விட்டு அப்படியே நித்திரையாகிவிட்டா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா முனகாமல் கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, இனி நீங்கள் நித்திரை கொள்ளலாம். இரவு ரெண்டு மணிக்கு அடிச்சாலும் எங்கட டொக்டர் எடுப்பார்."

இந்த ஒரு வசனத்துக்குத்தான் நாங்கள் காசு கொடுத்தோம். கட்டிலுக்கோ சீருடைக்கோ இல்லை.

அரச இலச்சினை போட்ட ஒரு பதிவுச் சான்றிதழைக் காட்டினார், லமினேட் பண்ணி வைத்திருந்தார். 24 மணித்தியாலமும் பயிற்றப்பட்ட நேர்ஸ், கிழமைக்கு இரண்டு தடவை டொக்டர், ஆஸ்பத்திரிக் கட்டில், காற்று மெத்தை. மாதம் 110,000. மாதம் மாதம் கட்டட்டா என்று கேட்டேன். மூன்று மாதம் முன்னுக்குக் கட்டினால்தான் ஒரு நேர்ஸை ஒதுக்கலாம் என்றார். 330,000. கட்டிலுக்கும் மெத்தைக்கும் வைப்பு 55,000, திருப்பித் தருவது. மொத்தம் 385,000. வீடியோவில் அண்ணா, பக்கத்தில் நான், நடுவில் அவர். அண்ணா அன்றைக்கே வங்கிக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் நான் கையெழுத்து வைத்தேன்.

வந்த பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். நல்ல பிள்ளை, அதைச் சொல்ல வேண்டும். அம்மாவைக் குளிப்பாட்டித் தலை இழுத்துவிட்டாள். ஆனால் அவள் நேர்ஸ் இல்லை. சில கிழமை ஒரு வகுப்புக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். மோர்பினை மற்றக் குளிசை மாதிரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நேரம் கொடுத்தாள். டொக்டர் 4 மணித்தியாலத்துக்கு ஒருதடவை என்றவர் என்று சொன்னேன். "ஒபிசிலை மூண்டு நேரம் எண்டுதான் அக்கா சொன்னவை," என்றாள். ஒபிசுக்கு அடித்தேன். "மோர்பின் கூடக் குடுத்தால் பழகிடும் தங்கச்சி, மூச்சும் நிண்டிடும். எங்கட டொக்டர்தான் குறைக்கச் சொன்னவர்." அம்மாவைப் பார்க்காத டொக்டர். கொப்பியைக் காட்டுவோம் என்றால், அதை முதல் நாளே கோப்புக்கு என்று ஒபிசுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வயிறு இளகுகிற மருந்தைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவே இல்லை. அம்மாவின் வயிறு கல்லாகிவிட்டது. காற்று மெத்தையின் மோட்டர் இரண்டாம் கிழமையே நின்றுவிட்டது. நாரிக்குக் கீழே தோல் சிவந்து, உரிந்து, புண் ஆகிவிட்டது. படுக்கையில் கிடக்கிற ஆளைச் சும்மாவும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்ப வேண்டும், அதுகூட அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. டொக்டர் வந்தது ஒரேயொரு தடவை. வாசலில் நின்று பார்த்தார், போனில் ஒரு படம் எடுத்தார், போய்விட்டார். அந்தப் படம் மறுநாள் அவர்களுடைய பக்கத்தில் வந்தது. அம்மாவின் முகம் தெரிய. யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

அம்மா ஒருநாள் சொன்னா, "கட்டில் நல்லாத்தான் இருக்குப் பிள்ளை. நோவுதான் நிக்கேல்லை."

அப்புறம் அந்த இரவு. அம்மா கத்தத் தொடங்கினா. பெற்றவளின் குரல் என்று அடையாளம் தெரியாத ஒரு சத்தம். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார் என்ற அந்த இலக்கத்துக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். பிறகு போன் நிறுத்தப்பட்டது. வைபரில் எழுதினேன், பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை. மனேஜருக்கு அடித்தேன், அதுவும் இல்லை. அந்தப் பிள்ளை மூலையில் இருந்து அழுகிறாள். பக்கத்து வீட்டு ஐயா ஓட்டோவை எடுத்தார், கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே வாட்டில் ஒரு மிஸ்சி (தாதி) அம்மாவின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்தா. டொக்டர் மோர்பினை நேரத்துக்கு எழுதினார், வயிற்றுக்கு மருந்து கொடுத்தார், புண்ணுக்குக் கட்டுப் போடுவித்தார். மறுநாள் பின்னேரம் அம்மா தேத்தண்ணி கேட்டா. நேரத்துக்கு, அளவாகக் கொடுத்தால் மூச்சு நிற்காது, வலிக்காகக் கொடுக்கிற ஆளுக்குப் பழகிவிடும் என்று பயப்படவும் தேவையில்லை என்று அந்த டொக்டர் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அம்மா கடைசியாக என்னோடு கதைத்தது எல்லாம் அந்த வாட்டில்தான். அதற்கும் ஒரு சதம் இல்லை. வீட்டில் நொந்து கிடந்த நாட்களுக்குத்தான் 385,000.

செத்த வீட்டன்று பின்னேரம், பிரேதம் எடுத்துச் சரியாக ஆறவில்லை, கட்டிலை ஏற்றிக்கொண்டு போக வாகனம் அனுப்பினார்கள். அழுதுகொண்டு நின்ற சனத்துக்கு நடுவில் கட்டிலைக் கழற்றி ஏற்றினார்கள். வைப்புக் காசு 55,000 எங்கே என்று கேட்டேன். "ஒபிசுக்கு வாங்கோ."

போனேன். கணக்காளர் லீவு. பிறகு போயா முடியட்டும் என்றார்கள். பிறகு மெத்தையின் மோட்டர் உடைந்திருக்கிறது, அதற்கு வைப்பில் கழிப்போம் என்றார்கள். அவர்கள் கொடுத்த மோட்டர், அவர்களுக்கே நான் முறையிட்ட மோட்டர்! மிச்ச இரண்டு மாதத்துக் காசைக் கேட்டேன். காசு போட்டது உங்கட அண்ணன், அவர்தான் கேட்க வேண்டும் என்றார்கள். அண்ணா கேட்டார். ஒப்பந்தம் தங்கச்சியின் பெயரில், அவதான் கேட்க வேண்டும் என்று அவருக்குப் பதில் போனது. இரண்டு பதிலும் ஒரே நாளில், ஒரே ஆளிடமிருந்து. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதாம், "செலுத்திய கட்டணம் மீளளிக்கப்படமாட்டாது." நேர்ஸின் சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை எட்டுச் செலவுக்கு வந்தவள். அவளுக்கு மாதம் 35,000 பேசி, அதுவும் இன்னும் கொடுக்கவில்லை. எங்களிடம் மாதம் 110,000 வாங்கி, அவளுக்கு 35,000, அதுவும் கையில் இல்லை. அவளில் எனக்குக் கோபம் இல்லை.

கடைசியாக மனேஜர் ஒருக்கால் போன் எடுத்தார். நிலத்தில் இருந்து அம்மாவின் காலைத் திருப்பிய அதே ஆள். "தங்கச்சி, அம்மா எப்பிடியும் போற ஆள்தானே. நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். அதற்குப் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். அண்ணா அவர்களுடைய பக்கத்தில் எழுதிய கருத்தையும் அழித்துவிட்டார்கள்.

எப்படியும் போகிற ஆள் என்று தெரிந்துதானே ஐயா அந்தச் சேவையை நடத்துகிறீர்கள்? குணமாக்கச் சொல்லி உங்களுக்குக் காசு தரவில்லை. நோவில்லாமல் போக விடுங்கள் என்றுதான் தந்தோம்.

பொலிஸில் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார்கள். போவேன். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சான்றிதழின் படத்தை ஒரு தெரிந்தவரிடம் காட்டினேன். அது பிரதேச செயலகத்தில் எடுக்கிற வியாபாரப் பெயர்ப் பதிவு. கடை போடவும் அதுதான், சலூன் போடவும் அதுதான். மருத்துவமும் தாதிப் பராமரிப்பும் தருகிற தனியார் நிறுவனங்களுக்கு 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி வேறு பதிவு இருக்கிறது, தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவை கொடுப்பது. இலச்சினையைப் பார்த்து நம்பாதீர்கள். எந்தப் பதிவு என்று வாசியுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று விபரமாக எழுதுவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். காசு கட்ட முதல் அவர்களுடைய இரவு இலக்கத்துக்கு நடுச்சாமத்தில் ஒருக்கால் அடித்துப் பாருங்கள். யார் எடுக்கிறார், என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். நேர்ஸ் என்றால் எங்கே மூன்று வருடம் படித்தவர், பதிவு இலக்கம் என்ன என்று கேளுங்கள். மோர்பினை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருதடவை கொடுப்பீர்கள் என்று வாறவரிடமே கேளுங்கள், அதற்குப் பதில் தெரியாவிட்டால் வாசலோடு அனுப்புங்கள். கிளினிக் கொப்பியை யாருக்கும் கொடுக்காதீர்கள். மூன்று மாதக் காசை முன்னுக்குக் கட்டவே கட்டாதீர்கள். காசு போடுகிறவரும் கையெழுத்து வைக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முதல், அரச ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

இதே ஆட்களிடம் காசு கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ரசீது, வங்கிச் சீட்டு, வைபர் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். என்னிடம் 385,000 ரூபாவுக்கான சீட்டு இருக்கிறது. ஒன்றாகச் சேர்ந்து பேரவைக்கு முறைப்பாடு கொடுப்போம், அடுத்த கிழமை கடிதம் எழுதுகிறேன்.